தாய்மாமனுக்கு ஒரு கேவியட்

வக்கீல் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சட்டம் தெரியாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. தவறு. எல்லாச் சட்டமும் தெரிந்திருப்பது அப்போதுதான். பரீட்சைக்குப் படித்ததெல்லாம் மண்டையில் சூடாக இருக்கும்; யார் தலையிலாவது அதை இறக்கி வைக்காவிட்டால் தூக்கம் வராது. எதைச் செய்யாமல் விட வேண்டும் என்பது ஒன்றுதான் தெரியாது. நான் அந்தப் பதத்தில் இருந்தபோது என்னிடம் வந்து மாட்டியவர் தணிகாசலம். ஐஸ் ஃபேக்டரி முதலாளி. நல்ல மனுஷர், பாவம்.

புதுச்சேரியில் கம்பெனித் தகராறுகளையே பெரும்பாலும் பார்க்கும் ஒரு சீனியரிடம் அப்போது நான் ஜூனியர். கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தையும் கோட் சூட்டையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. தண்ணீர் கேன், அட்டைப்பெட்டி, ஊதுபத்தி என்று உழவர்கரைப் பக்கம் தொழில் செய்கிறவர்கள் வருவார்கள். கம்பெனிப் பெயருக்குப் பின்னால் ‘பிரைவேட் லிமிடெட்’ இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் அண்ணன், தம்பி, மச்சான், மாமியார் என்று ஒரு குடும்பமே டைரக்டராக உட்கார்ந்திருக்கும். லாஸ்பேட்டையில் எங்கள் தெருவில் மட்டும் நான் ‘கார்ப்பரேட் லிட்டிகேஷன்’ பார்ப்பதாகச் சொல்லி வைத்திருந்தேன். மில்லில் வேலை பார்த்து, யூனியனில் கொடி பிடித்து ஓய்ந்த என் அப்பா ஒருநாள் அதற்கு அர்த்தம் கேட்டார்.

“மொதலாளிங்களுக்குள்ள சண்டை வந்தா நாங்க பாத்துக்குவோம்ப்பா.”

“அவங்களுக்குள்ள சண்டை வந்தா நல்லதுதான? நீ எதுக்குப் போயி வெலக்கி வுடுற?” என்றார் அப்பா.

(நான் விலக்கிவிட்ட லட்சணம் கீழே வருகிறது. அப்பா கவலைப்பட்டிருக்கவே வேண்டாம்.)

தணிகாசலத்தின் ஃபேக்டரி பிள்ளைச்சாவடிக்குப் போகிற வழியில் இருந்தது. மீன் படகுகளுக்குக் கட்டி ஐஸ் அங்கிருந்துதான் போகும். சென்னையில் ஒரு கம்பெனியிடம் கம்ப்ரஸர் மெஷின் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அது வந்ததிலிருந்தே மக்கர். இவர் “வேற மெஷின் குடு” என்றார். அவர்கள் “நல்ல மெஷினை நீங்கதான் கெடுத்துட்டீங்க, நாங்க திருப்பி எடுத்துக்கிட்டுப் போறோம்” என்றார்கள். மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிற நேரம் அது. படகுகள் கடலில் இறங்கிவிட்டால் ஐஸ் இல்லாமல் ஒன்றும் நடக்காது. அந்தச் சமயம் பார்த்துச் சென்னைக்காரர்கள் கோர்ட்டில் ஓர் உத்தரவை வாங்கிக்கொண்டு வந்து மெஷினைக் கழற்றிவிட்டால், தணிகாசலம் ஃபேக்டரியை இழுத்து மூடிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இதற்குச் சீனியர் சொன்ன வழி கேவியட். பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ‘இன்னார் என் மேல் கேஸ் போடலாம் என்று நினைக்கிறேன், போட்டால், என்னைக் கூப்பிட்டுக் கேட்காமல் எந்த உத்தரவும் போட்டுவிடாதீர்கள்’ என்று கோர்ட்டில் முன்கூட்டியே சொல்லி வைப்பது. அதில் ஒரு நிபந்தனை உண்டு. அந்த இன்னாருக்கும் அதன் நகலை ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பியாக வேண்டும். அதாவது, ‘நீ என் மேல் கேஸ் போடுகிற ஆள் என்று எனக்குத் தெரியும்’ என்று அவருக்கே எழுதி, தபால்காரர் மூலமாகக் கொடுத்து, கையெழுத்தும் வாங்க வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு இதில் ஆபத்து எதுவும் தெரியவில்லை.

சீனியர் ஹைகோர்ட் வழக்கு ஒன்றுக்காக அன்று சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கார் கதவைத் திறந்தபடியே சொன்னார்:

“ஏம்மா, ஐஸ் கம்பெனிக்கு இன்னிக்கே கேவியட் போட்டுடு. கேஸ் போடக்கூடியவங்க யாரு யாருன்னு அவருகிட்ட நல்லா கேட்டுக்க. ஒருத்தரையும் வுட்றாத.”

சென்னைக் கம்பெனிக்கு வெவ்வேறு பெயரில் கிளைகள் இருக்கும், எல்லாவற்றையும் சேர்த்துவிடு என்பதைத்தான் அவர் சொன்னார். சாதாரண ஆளுக்குக்கூட அது விளங்கியிருக்கும். நான் சாதாரண ஆள் இல்லையே. தணிகாசலத்தை எதிரே உட்காரவைத்து, கீழிருந்து டீ வரவழைத்து, பேனாவைத் திறந்துகொண்டு விசாரணையை ஆரம்பித்தேன்.

“சென்னைக் கம்பெனியைத் தவிர, வேற யாராவது உங்க மேல கேஸ் போட வாய்ப்பு இருக்கா சார்?”

“வேற யாரு பாப்பா? யாரும் இல்ல.”

“நல்லா யோசிங்க சார். கம்பெனிக்குள்ளயே யாராவது?”

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார். “கம்பெனிக்குள்ள யாரு இருக்கா? நானு, எம் பொண்டாட்டி, எம் மச்சான் ஏழுமலை. டைரக்டருங்க அவ்ளோதான். அந்த ஏழுமலை வேணா போடுவான். கொழம்புல உப்பு கொறைஞ்சாக்கூட அவங்க அக்காகிட்ட ‘ஒம் புருஷனைக் கோர்ட்டு ஏத்தாம வுட மாட்டேன்’னுதான் சொல்லுவான். மெஷின் ரூம் பூரா அவந்தான் பாத்துக்கிறான். அதனால கொஞ்சம் வாய் நீளம்.”

அக்கா வீட்டில் சோறு சாப்பிட்டபடி மச்சான் சொல்வதை ஒரு மாமா சிரித்துக்கொண்டே சொல்கிறார். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இதைக் கேட்டு யாராவது பயப்படுவார்களா? நான் பயந்தேன். குறிப்பில் இப்படி எழுதிக்கொண்டேன்: ‘ஏழுமலை, டைரக்டர். வழக்குத் தொடரப் போவதாக ஏற்கெனவே பலமுறை மிரட்டியுள்ளார்.’ எழுதும்போது உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு. கம்பெனிக்குள்ளேயே பதுங்கியிருந்த ஆபத்தைச் சீனியர்கூடக் கவனிக்கவில்லை, நான் கண்டுபிடித்துவிட்டேன்!

மத்தியானத்துக்குள் மனு தயார். முதல் எதிர்மனுதாரர் சென்னைக் கம்பெனி. இரண்டாவது எதிர்மனுதாரர் ஏழுமலை. தணிகாசலம், நான் பென்சிலால் புள்ளி வைத்த இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. (வக்கீல் ஆபீஸில் யார் படிக்கிறார்கள்? கோவிலில் ஐயர் சொல்லும் மந்திரத்துக்கு அர்த்தம் கேட்பவர் உண்டா?) மனு இங்கிலீஷில் இருந்ததால், ஏழுமலைக்குப் புரிய வேண்டுமே என்று அவருக்கு மட்டும் தமிழில் விளக்கமாக ஒரு நோட்டீஸும் எழுதிச் சேர்த்தேன். அந்த நல்லெண்ணம் இல்லாமல் இருந்திருந்தால் பாதிச் சேதத்தோடு தப்பித்திருப்போம்.

கோர்ட்டில் தாக்கல் செய்துவிட்டு, இரண்டு தபாலையும் நானே தபாலாபீஸில் வரிசையில் நின்று ரெஜிஸ்டர் செய்தேன். அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம், “ஒரு பெரிய கம்பெனியை இன்னிக்குக் காப்பாத்திட்டேம்மா” என்றேன். அம்மா தோசை ஊற்றிக் கொடுத்தாள்.

சில நாள் கழித்துக் காலையில் தணிகாசலத்திடமிருந்து போன் வந்தது. ‘பாப்பா’ போய் ‘மேடம்’ ஆகியிருந்தேன்.

“மேடம், எம் மச்சானுக்கு என்னா அனுப்புனீங்க?”

“கேவியட் சார். நீங்கதான சொன்னீங்க?”

 “நேர்ல வர்றோம்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

வந்தது அவரும் அவர் மனைவி பூங்கொடியும். பூங்கொடி அக்காவின் கண்கள் சிவந்திருந்தன. நடந்ததை அவர்தான் சொன்னார். அதைக் கேட்கும்போதுதான் எனக்கு ஒரு புதிய தகவல் தெரிந்தது: அவர்கள் மகளுக்கு இன்னும் சில வாரத்தில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு கடலூர்.

“எங்க பக்கம் தாய்மாமன் மாலை போட்டு, கையைப் புடிச்சி சபைக்கு இட்டாந்தாதான் பொண்ணு வரும். அதுக்காக எந்தம்பி காஞ்சிபுரம் போயி பட்டுச் சேலை எடுத்தாந்து வச்சிருக்கான். அந்த நேரத்துல தபால்காரரு தெருவுல நின்னு ‘ஏழுமலை, ஒனக்குக் கோர்ட்டுத் தபாலு’ன்னு கூப்புட்டிருக்காரு. வலை பின்னிக்கிட்டு இருந்தவங்க, தண்ணி புடிச்சிக்கிட்டு இருந்தவங்க, எல்லாம் எழுந்து வந்துட்டாங்க. அத்தனை பேரு முன்னால கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிச்சிப் படிச்சிருக்கான். சொந்த அக்கா புருஷன் இவன் கேஸ் போடுவான்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்திருக்காரு!”

“நான் எழுதிக் குடுக்கலடி” என்றார் தணிகாசலம்.

“கையெழுத்து யாருது?”

அவர் என்னைப் பார்த்தார். நான் மேலே ஃபேனைப் பார்த்தேன்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. கோர்ட்டுத் தபால் வந்தால் வக்கீலிடம் காட்டுவதுதானே முறை? ஏழுமலையும் காட்டியிருக்கிறார். அந்த வக்கீல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, “ஒங்க மாமா ஒன்னைப் பாத்து இவ்ளோ பயப்படறாருன்னா, கேஸ் போடறதுக்கு ஏதோ இருக்குது. என்னான்னு பாப்போம்” என்றிருக்கிறார். அதுவரை ஏழுமலைக்குக் கேஸ் போடும் எண்ணம் துளியும் இல்லை. போட முடியும் என்பதே தெரியாது. அதை அவருக்கு, தமிழில், விளக்கமாக எழுதி அனுப்பிய பெருமை என்னுடையது.

இன்னொன்றையும் பூங்கொடி அக்கா சொன்னார். “நேத்து மெட்ராஸ் மெஷின் கம்பெனில இருந்து ஒரு மேனேஜரு காருல வந்து, அவன் வூட்ல ஒக்காந்து காப்பி குடிச்சிட்டுப் போயிருக்கான். என்னா பேசுனாங்கன்னு தெரியல. என்னைத்தான் அவன் வூட்டுக்குள்ள வுட மாட்டேங்கிறானே.”

சென்னைக் கம்பெனிக்குப் போனதும் அதே மனுவின் நகல்தான். அவர்கள் பெயருக்குக் கீழேயே ஏழுமலையின் பெயரும் முகவரியும் இருந்தன. மெஷின் வந்த நாளிலிருந்து கெட்டது என்பதற்கு எங்களுக்கு இருந்த ஒரே சாட்சி மெஷின் ரூமைப் பார்த்துக்கொண்ட ஏழுமலை. அவர் போய், “மெஷின் நல்லாத்தான் இருந்திச்சு, மாமாதான் ஒழுங்கா பாத்துக்கல” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மெஷின் போகும், சீசன் போகும், ஃபேக்டரி போகும். நிச்சயதார்த்தமும் நிற்கும். எல்லாம் ஒரே தபாலில்.

அன்றைக்கே சீனியர் சென்னையிலிருந்து திரும்பினார். மனுவை வாங்கி, நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டு, இந்தக் கோர்ட்டைத் ‘திரிபுனால்’ என்று சொன்ன காலத்து ஆட்களிடம் தொழில் கற்றவர் அவர். சத்தம் போட்டு யாரையும் திட்டியதில்லை. அதனால்தான் அவரைக் கண்டால் எனக்குப் பயம்.

“சண்டை போட வர்றவனுக்கு, நம்ம வூட்ல எந்தச் செவுரு வீக்குன்னு எழுதி அனுப்பியிருக்கே. பின்கோடு கூடச் சரியா போட்டிருக்கம்மா” என்றார்.

“ஒருத்தரையும் வுட்றாதன்னு நீங்கதான் சார்...”

“ஆமா. என்னை ஏன் வுட்ட? நானும்தான் கேஸ் போடலாம்.”

ஏழுமலையின் பெயரை மனுவிலிருந்து எடுக்கச் சொல்லி அன்றே கோர்ட்டில் மெமோ கொடுத்தோம். சட்டப்படி வேலை முடிந்தது. “இப்ப அந்த மெமோவை எடுத்துக்கிட்டு, அந்தம்மாகூடப் பிள்ளைச்சாவடிக்கு, அவரு தம்பி வூட்டுக்குப் போ” என்றார் சீனியர். “போயி?” என்றேன். “அது சட்டத்துல இல்ல. எனக்கும் தெரியாது” என்று சொல்லிவிட்டு வேறு கேஸ் கட்டை எடுத்துப் பிரித்தார்.

போனோம். பூங்கொடி அக்கா கையில் வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்த தாம்பாளம். என் கையில் மெமோ. கோர்ட்டிலிருந்து நேராக வந்ததால் கறுப்புக் கோட்டையும் கழுத்துப் பட்டையையும் கழற்ற மறந்துவிட்டேன். அந்தத் தெரு ஏற்கெனவே ஒரு கோர்ட்டுத் தபாலைப் பார்த்த தெரு. இப்போது கோர்ட்டே நடந்து வருவதைப் பார்க்க எல்லா வீட்டு வாசலிலும் ஆள் நின்றது. ஒரு அம்மாள் என்னிடம், “கைது பண்ண வந்திருக்கீங்களா?” என்று அக்கறையாகக் கேட்டார்.

ஏழுமலை வாசலிலேயே நின்றார். நாற்பதைத் தாண்டிய, வாட்டசாட்டமான ஆள். அக்காவைப் பார்த்து, “வா” என்றார். தாம்பாளத்தை வாங்கிக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்து, “நீதான் அந்த வக்கீலம்மாவா? நான் வயசானவங்க யாரோன்னு நெனைச்சேன்” என்றார்.

மெமோவை நீட்டினேன். “உங்க பேரை எடுத்துட்டோம் அண்ணே. தப்பு என்னுது. உங்க மாமா அப்படிச் சொல்லவே இல்ல.”

அவர் அதைத் தொடவில்லை. “மாமாவுக்கு எதிராளின்னு என்னைப் போட்டீங்க. சரி, போட்டதுதான் போட்டீங்க, மெட்ராஸ்காரனுக்குக் கீழ ரெண்டாவதா போட்டிருக்கீங்க. அவரை எதிர்த்துக் கேக்குறதுன்னா மொதல்ல நான்தான கேக்கணும்? எனக்கு அந்த உரிமை கூட இல்லியா?”

அப்படி ஓர் உரிமையை எந்தப் புத்தகத்திலும் படித்ததாக நினைவில்லை.

“டேய், தெருவுல வச்சிப் பேசாதடா” என்றார் பூங்கொடி அக்கா.

“தெருவுலதானக்கா தபாலு வந்திச்சு.” அவர் குரல் அப்போதுதான் கொஞ்சம் உடைந்தது. “நானும் டைரக்டருன்னு எத்தினி வருஷமா பேரு இருக்குது. ஒரு மீட்டிங்குக்கு மாமா என்னைக் கூப்ட்டு இருக்காரா? ‘ஏழுமல, இங்க கையெழுத்துப் போடு’ன்னு மெஷின் ரூமுக்குப் பேப்பரு வரும், போடுவேன். கம்பெனில இருந்து எம் பேருக்கு ஒரு கடுதாசி வந்தது கெடையாது. மொதமொதலா வந்த தபாலு இதுதான். வாங்கும்போது சந்தோஷப்பட்டேன், தெரியுமா?”

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதுவரை என் வேலை போய்விடுமோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த மனிதருக்காக வருத்தப்பட்டேன். பூங்கொடி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

“நிச்சயத்துக்கு வருவியா மாட்டியா?”

“வாயால கூப்ட்டா வர மாட்டேன். தாம்பாளம் வச்சிக் கூப்ட்டாலும் வர மாட்டேன். கோர்ட்டுத் தபாலு எப்படி வந்திச்சோ, அப்படி வரணும். ரெஜிஸ்டரு தபாலு, வக்கீல் ஆபீசு கவரு. இதே வக்கீலம்மா எழுதணும். தபால்காரரு இதே தெருவுல நின்னு கூப்புடணும்.”

“சென்னை மேனேஜர் வந்து என்ன கேட்டார் அண்ணே?” என்று நான் மெல்ல நுழைந்தேன்.

“அது எனக்கும் அவனுக்கும்” என்று உள்ளே போய்விட்டார்.

ஆபீஸுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். கல்யாணப் பத்திரிகை எழுதத் தெரியாது, நோட்டீஸ்தான் தெரியும். அதையே எழுதினேன். ‘எமது கட்சிக்காரர் திரு. தணிகாசலம் அவர்களின் அறிவுறுத்தலின்பேரில் தங்களுக்கு அனுப்பப்படும் அறிவிப்பு யாதெனில்: தாங்கள் எமது கட்சிக்காரரது மனைவியின் உடன்பிறந்த தம்பியும், அவர்தம் மகளுக்குத் தாய்மாமனும் ஆவீர்கள். மேற்படி மகளின் நிச்சயதார்த்தத்தில் முன்நின்று, மாலையிட்டு, அவரைச் சபைக்கு அழைத்துவருவது தங்களுக்கு மட்டுமே உரிய உரிமையாகும். மேற்படி உரிமையை எமது கட்சிக்காரர் எவ்வித ஆட்சேபணையும் இன்றி ஒப்புக்கொள்கிறார். தாங்கள் வரத் தவறும் பட்சத்தில் மேற்படி மகள் சபைக்கு வரமாட்டார் என்பதையும், அதனால் நேரும் விளைவுகளுக்கும் செலவுகளுக்கும் தாங்களே முழுப் பொறுப்பு என்பதையும் இதன்மூலம் அறியவும்.’

சீனியர் படித்தார். ‘செலவுகளுக்கும்’ என்ற சொல்லை மட்டும் அடித்தார். “நல்ல காரியத்துக்குப் போடறோம். செலவு கேக்காத” என்றார். தணிகாசலம் இந்த முறை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தபால் போனது. நாங்கள் காத்திருந்தோம். ஏழுமலை வருவதாகவும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் எங்கள் ஆபீஸுக்கு ஒரு ரெஜிஸ்டர் தபால் வந்தது. அவருடைய வக்கீலிடமிருந்து பதில் நோட்டீஸ். பிரித்தேன். ‘தங்கள் அறிவிப்பின் முதல் பாராவில் எமது கட்சிக்காரரைத் தாய்மாமன் என்று கூறியிருப்பது உண்மையே. கடைசிப் பாராவில் “வரத் தவறும் பட்சத்தில்” என்று கூறியிருப்பது உண்மைக்குப் புறம்பானது என்பதால் முற்றிலுமாக மறுக்கப்படுகிறது. எமது கட்சிக்காரர் எந்தக் காலத்திலும் தவறியவர் அல்லர்.’

சீனியர் அதைப் படித்து முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார். நான் சிரித்தேனா அழுதேனா என்று ஞாபகம் இல்லை. பூங்கொடி அக்காவுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். இரண்டாவது முறை படிக்கச் சொன்னார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் இதைக் கட்டுரையாக எழுத வேண்டியிருக்காது. என்னையும் நிச்சயதார்த்தத்துக்குக் கூப்பிட்டார்கள். உழவர்கரையில் ஒரு கல்யாண மண்டபம். ஏழுமலை பட்டு வேட்டியும், தோளில் பெரிய ரோஜா மாலையுமாக, மேளத்தோடு வந்து இறங்கினார். எல்லோரும் மூச்சு விட்டோம். ஐயர் இரண்டு வீட்டார் முன்னிலையில் லக்ன பத்திரிகையைப் படித்து முடித்தார். பெண்ணை அழைத்துவர வேண்டிய நேரம். ஏழுமலை மாலையைக் கையில் எடுத்தார். எடுத்தவர், சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை உருவி ஐயரிடம் நீட்டினார்.

“சாமி, இதையும் படிச்சிடுங்க.”

ஐயர் வாங்கிப் பார்த்து, “இது என்னமோ வக்கீல் நோட்டீஸ்னா? எனக்குப் பழக்கமில்லை” என்று திருப்பிக் கொடுத்தார்.

“அப்ப எழுதுனவங்களே படிக்கட்டும். வக்கீலம்மா, மேல வாங்க.”

நான் மண்டபத்தின் கடைசி வரிசையில் கேசரியோடு உட்கார்ந்திருந்தேன். எல்லாத் தலையும் திரும்பியது. தணிகாசலம் மேடையிலிருந்து கும்பிடு போடுவதுபோலக் கையைச் சேர்த்து, படித்துவிடு என்று கெஞ்சினார். கேசரிக் கையைத் துடைத்துக்கொண்டு மேடை ஏறினேன். மேளக்காரர் எனக்காக மைக்கைத் தாழ்த்திக் கொடுத்தார். கோர்ட்டில் அதுவரை ‘வாய்தா வேண்டும்’ என்பதைத் தவிர நான் வாய் திறந்து எதுவும் பேசியதில்லை. என் முதல் வாதம் அதுதான்.

“எமது கட்சிக்காரரின் அறிவுறுத்தலின்பேரில் அனுப்பப்படும் அறிவிப்பு...” என்று ஆரம்பித்ததுமே கடலூர்ப் பக்கத்து வரிசையில் சலசலப்பு. மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார்.

“இருங்க, இருங்க. என்னா நோட்டீசு? பொண்ணு மேல ஏதாவது கேசு இருக்குதா? எங்ககிட்ட யாரும் சொல்லலியே!”

“பொண்ணு மேல இல்லீங்க” என்றேன் மைக்கில்.

“அப்ப யாரு மேல?”

“தாய்மாமன் மேல.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கீழே வைத்தார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். அது கிளம்புவதற்கான அடையாளம் என்று எல்லோருக்கும் தெரியும். அன்று இன்னொரு குடும்பத்தையும் கலைத்திருப்பேன். ஏழுமலைதான் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

“பெரியவரே, ஒக்காருங்க. கேசு இல்ல. மாமா எனக்குப் பத்திரிக வச்சிருக்காரு. அவரு வைக்கிற மொறை அப்படி. மீதியையும் கேளுங்க.”

மீதியையும் படித்தேன். ‘தங்களுக்கு மட்டுமே உரிய உரிமையாகும்’ என்ற இடம் வந்ததும் ஏழுமலை மாலையோடு நிமிர்ந்து நின்றார். பிள்ளைச்சாவடித் தெருவிலிருந்து வந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். கடலூர்க்காரர்களும் என்ன ஏது என்று புரியாமலே தட்டினார்கள். அவர் போய்ப் பெண்ணின் கழுத்தில் மாலையைப் போட்டு, கையைப் பிடித்து அழைத்து வந்தார். பெண் சிரிப்பை அடக்க முடியாமல் வந்தாள்.

மெஷின் வழக்கு? சென்னைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போகவே இல்லை. சமரசப் பேச்சுக்கு உட்கார்ந்தோம். அந்த மேனேஜரே எங்கள் சீனியரிடம் புலம்பினார்: “குடும்பத்துல சண்டைன்னு உங்க மனுவைப் பார்த்துதான் சார் அந்த ஆளைத் தேடிப் போனேன். நல்ல காப்பி கொடுத்தார். எனக்கும் எங்க மாமாவுக்கும் ஆயிரம் இருக்கும், உன் மெஷின் வந்த அன்னிக்கே கெட்டது, அதை எங்க வேணா வந்து சொல்வேன்னு சொல்லி அனுப்பிட்டார்.” வேறு மெஷின் வந்தது. படகுகள் இறங்கியபோது ஐஸ் தயாராக இருந்தது. வாசலில் வைத்து எங்களை வறுத்தெடுத்த அன்றைக்கு முந்தின நாளே ஏழுமலை மேனேஜரிடம் அதைச் சொல்லியிருக்கிறார். எங்களிடம் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் நான் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன் என்பதற்காகவே விடவில்லை என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் இது இன்றுவரை ஓயவில்லை. யாராவது கோபித்துக்கொண்டு சாப்பிட வராவிட்டால் அம்மா என்னைப் பார்த்து, “ஒரு நோட்டீசு அனுப்பு, வந்துடுவாங்க” என்பாள். என் கல்யாணத்துக்குத் திண்டிவனத்தில் இருக்கும் என் சொந்தத் தாய்மாமன், பத்திரிகையை வாங்க மறுத்து, தனக்கும் ரெஜிஸ்டர் தபாலில்தான் வர வேண்டும் என்று அடம்பிடித்தார். அனுப்பினேன். நல்லவேளை, அவர் அதை மேடையில் படிக்கச் சொல்லவில்லை.

தணிகாசலத்தின் கம்பெனியில் இப்போது ஒவ்வொரு மீட்டிங்குக்கும் ஏழுமலைக்கு எங்கள் ஆபீஸ் வழியாகத் தபால் போகிறது. அவர் வருகிறார், எல்லாவற்றுக்கும் ஆட்சேபணை சொல்கிறார், கையெழுத்துப் போட்டுவிட்டு அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். வீட்டு விசேஷங்களுக்கும் அதே தபால்தான். அண்மையில் தபால் இலாகா ரெஜிஸ்டர் தபாலை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டது. அந்தச் செய்தி வந்த மறுநாளே எனக்குப் போன்.

“வக்கீலம்மா, ரெஜிஸ்டரு தபாலே இனிமே இல்லன்றாங்களே. மாமா பேரனுக்குக் காதுகுத்து வருது. எனக்கு எப்படிப் பத்திரிக வப்பாரு மாமா?”

“ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பலாம் அண்ணே.”

“கையெழுத்து வாங்குவானா?”

“வாங்குவான்.”

“தெருவுல கூப்ட்டுக் குடுப்பானா?”

“சொல்லி வைக்கிறேன்.”

“அப்ப சரி. நான் கேட்டேன்னு மாமாகிட்ட மட்டும் சொல்லிடாத” என்றார். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தணிகாசலம் சிரிப்பது எனக்குப் போனில் நன்றாகக் கேட்டது.